இரண்டு இட்லியோடு கை கழுவும் தம்பி

அன்புள்ள அம்மா,

எனக்கு 26 வயது. சேலம் செவ்வாய்ப்பேட்டையில் ஒரு மொத்தக் கடையில் கணக்கு எழுதுகிறேன். அப்பா வெள்ளிக் கொலுசுப் பட்டறையில் கூலிக்குப் பற்றவைக்கிறார். தம்பிக்கு 14 வயது. அவனுக்குக் கோஷே நோய். பிறவியிலேயே ஒரு என்சைம் குறைவதால் உடம்பில் கொழுப்பு சேர்ந்து மண்ணீரல், கல்லீரல் வீங்கும் அரிய நோய் அது.

ஏழு வயதில் அவன் வயிறு வீங்க ஆரம்பித்தது. பூச்சி மருந்து, பச்சிலை, மந்திரித்த கயிறு என்று இரண்டு வருடம் போனது. ஒருநாள் மூக்கில் வந்த ரத்தம் நிற்கவே இல்லை. அப்புறம்தான் பெரிய ஆஸ்பத்திரி, ரத்தத்தில் என்சைம் பரிசோதனை, நோயின் பெயர் எல்லாம். பதினைந்து நாளுக்கு ஒருமுறை நரம்பு வழியாக மருந்து ஏற்ற வேண்டும், அதுவும் ஆயுள் முழுக்க என்றார்கள். அரிய நோய்களுக்கு அரசு கொடுக்கும் 50 லட்ச ரூபாய் உதவியில், எழும்பூர் குழந்தைகள் மருத்துவமனையில் மருந்து ஏறிக்கொண்டிருக்கிறது. ராத்திரி ரயில் ஏறிப் போய், மறுநாள் ராத்திரி திரும்பி வருவோம். அந்தத் தொகை தீரப்போகிறது என்று சொல்லிவிட்டார்கள்.

அதனால் பணம் திரட்டித் தரும் ஒரு நிறுவனத்திடம் போனேன். வீட்டுக்கு வந்து வீடியோ எடுத்தார்கள். தம்பியைச் சட்டையைத் தூக்கி வயிற்றைக் காட்டச் சொன்னார்கள். அம்மா அழுதது சரியாக விழவில்லை என்று இன்னொரு தடவை அழச் சொன்னார்கள். நானும் பக்கத்தில்தான் நின்றேன். வேண்டாம் என்று சொல்லவில்லை.

பணம் வருகிறது, பொய் சொல்ல மாட்டேன். ஆனால் அந்த வீடியோ அவன் வகுப்புப் பசங்களின் போனுக்கும் போய்விட்டது. "அக்கா, அத எடுத்துரு" என்று ஒரே ஒரு தடவை கேட்டான். இன்னும் ஒரு மாதம் பொறுத்துக்கோடா என்றேன். அதற்குப் பிறகு என்னோடு பேசுவதில்லை. ஏற்காட்டில் காபி எஸ்டேட்டில் இருக்கும் சித்தப்பா வீட்டுக்குப் போவதென்றால் அவனுக்கு உயிர். பஸ்ஸில் முன் சீட்டில் உட்கார்ந்து இருபது கொண்டை ஊசி வளைவையும் சத்தமாக எண்ணுவான். இந்த லீவுக்கு வரமாட்டேன் என்றுவிட்டான். சாப்பாடும் சரியில்லை. நாலு இட்லி சாப்பிடுகிறவன் இரண்டோடு கை கழுவுகிறான்.

மருந்து எடைக்குத் தகுந்த அளவு. போன மாதம் எடை 38-லிருந்து 41 கிலோ ஆகியிருந்தது. நர்ஸம்மா சந்தோஷமாகச் சொன்னார். நானும் அப்பாவும் அன்று ராத்திரி திண்ணையில் உட்கார்ந்து, இனி மருந்துக்கு எவ்வளவு கூடும் என்று கணக்குப் போட்டோம். தம்பியின் எடை ஏறினால் பயப்படுகிற அக்கா உலகத்தில் இருப்பாளா அம்மா?

ஆடித் தள்ளுபடியில் ஒரு சுடிதார் எடுத்தேன், என் சம்பளத்தில். "வசூல் பணத்துலயா?" என்று தெருவில் கேட்டுவிட்டார்கள். அதை இன்னும் ஒருமுறைகூடப் போடவில்லை. மாமா மகனுக்கு என்னைப் பேசுகிறார்கள். அதைப் பற்றி யோசிக்கவே பயமாக இருக்கிறது. அப்பா அம்மாவுக்குத் தாய்மாமன். சொந்தத்தில் கட்டியதால்தான் இப்படி என்று பாட்டி சொல்லும்போதெல்லாம் அம்மா எழுந்து உள்ளே போய்விடுகிறார்.

வீடியோவை எடுத்தால் பணம் நின்றுவிடும். எடுக்காவிட்டால் தம்பியே எனக்கு இல்லாமல் போய்விடுவான் போல இருக்கிறது. நான் என்ன செய்ய?

— சேலத்திலிருந்து ஒரு அக்கா

அன்பு மகளுக்கு,

கடைசியில் கேட்ட கேள்வியைப் பிறகு பார்க்கலாம். நீங்கள் போகிற போக்கில் எழுதிவிட்ட இட்லியிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

எடைக்குத் தகுந்த மருந்து, மருந்துக்குத் தகுந்த பணம் என்று திண்ணையில் உட்கார்ந்து பேசியிருக்கிறீர்கள். அந்த நேரத்தில் தம்பி எங்கே இருந்தான்? உங்களுடையது சின்ன வீடாகத்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். 14 வயதுப் பையன் தூங்குவது போல் படுத்துக்கொண்டு எல்லாவற்றையும் கேட்பான். தான் ஒரு கிலோ ஏறினால் அப்பாவுக்கு எவ்வளவு சுமை ஏறும் என்று அவனும் கணக்குப் போட்டிருக்கலாம். அந்த இரண்டு இட்லியை அவன் உங்களுக்காகத்தான் மிச்சம் பிடிக்கிறானோ என்று எனக்குச் சந்தேகம். இது என் ஊகம்தான். இந்த நோயில் மண்ணீரல் பெரிதாகி இரைப்பையை அழுத்துவதால், கொஞ்சம் சாப்பிட்டதுமே வயிறு நிறைந்துபோவதும் உண்டு. அதனால் அடுத்த முறை எழும்பூர் போகும்போது மருத்துவரிடம் இதைக் கட்டாயம் சொல்லுங்கள். ஆனால் அதற்கு முன்பே, இன்றைக்கு ராத்திரியே, அவனிடம் பேச வேண்டும்.

"ஏன் சாப்பிட மாட்டேங்கிற?" என்று ஆரம்பிக்காதீர்கள். "திண்ணையில நானும் அப்பாவும் பேசினது உன் காதுல விழுந்துச்சா?" என்று கேளுங்கள். அவன் பதில் சொல்லாவிட்டாலும், மருந்துக் கணக்கு பெரியவர்கள் வேலை, நீ வளர்வதுதான் எங்களுக்கு வேண்டியது என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். அவனுக்குத் தெரியும் என்று விட்டுவிடாதீர்கள். வீட்டில் பணம் பற்றி மட்டுமே சத்தமாகப் பேச்சு நடக்கும்போது, அன்பு இருப்பது பிள்ளைகள் காதுக்கு எட்டுவதில்லை.

அடுத்தது வீடியோ. அதை எடுத்துவிடுங்கள். ஒரு மாதம் பொறுக்க வேண்டாம். அவன் ஒரு தடவைதான் கேட்டான் என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த வயதில் ஒரு தடவை கேட்பதற்கே எவ்வளவு கூச்சத்தை விழுங்கியிருப்பான்! பசங்களின் போனில் இருப்பதை உங்களால் அழிக்க முடியாது, உண்மைதான். ஆனாலும் நான் கேட்டதும் அக்கா எடுத்துவிட்டாள் என்பது அவனுக்கு வேண்டும். "உன்கிட்ட கேட்காம செஞ்சது தப்புடா" என்ற ஒரு வார்த்தையும் வேண்டும். இதைக் கடிந்து சொல்லவில்லை. நெருப்புப் பிடித்த வீட்டில் கையில் கிடைத்த வாளியைத் தூக்கினீர்கள், அவ்வளவுதான்.

பணம் நின்றுவிடாதா என்பீர்கள். குறையலாம். ஆனால் கொடுப்பவர்கள் நம்புவதற்கு வயிறு தேவையில்லை, காகிதம் போதும்: மருத்துவமனைக் கடிதம், மருந்துச் செலவு மதிப்பீடு, இதுவரை வந்தது, செலவானது. இதற்கென்று தனி வங்கிக் கணக்கு தொடங்கி, உங்களோடு சொந்தக்காரர் அல்லாத ஒருவரையும் கையெழுத்துக்குச் சேர்த்துக்கொள்ளுங்கள், தம்பி படிக்கும் பள்ளி ஆசிரியர் யாராவது. மாதாமாதம் வரவு செலவை எழுதி வெளியிடுங்கள். கணக்கு எழுதுவதே உங்கள் தொழில், இதை உங்களைவிட யார் நன்றாகச் செய்வார்கள்? அப்புறம் அந்தச் சுடிதாரைப் போட்டுக்கொண்டு வேலைக்குப் போங்கள். உங்கள் சம்பளம் உங்கள் சம்பளம்தான்.

இன்னும் தட்ட வேண்டிய கதவுகள் உண்டு. அரிய நோயாளிகளுக்காக நன்கொடை திரட்ட மத்திய சுகாதார அமைச்சகமே 2021-இல் ஒரு இணையதளம் தொடங்கியது. பணம் நேராக மருத்துவமனைக் கணக்குக்குப் போகும். அதில் தம்பியின் விவரம் ஏறியிருக்கிறதா என்று எழும்பூரில் கேளுங்கள். மருந்து நிறுவனங்களே சில நோயாளிகளுக்கு இலவசமாக மருந்து கொடுக்கும் திட்டங்களும் உண்டு. அதற்கு மருத்துவர்தான் எழுத வேண்டும். இவ்வகை நோயுள்ள குடும்பங்கள் சேர்ந்து நடத்தும் லைசோசோமல் ஸ்டோரேஜ் டிஸார்டர்ஸ் சப்போர்ட் சொசைட்டி டில்லியில் இருக்கிறது. 50 லட்சம் தீர்ந்த பிறகு என்ன செய்தார்கள் என்பது அங்கே இருக்கும் பெற்றோர்களுக்குத் தெரியும். இந்த நோய்க்கு 1991 வரை என்சைம் மருந்தே கிடையாது. இன்று மருந்து இருப்பதால்தான் நாம் பணத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறோம்.

உங்கள் அம்மாவிடம் ஒன்று சொல்லுங்கள். இந்த நோய் வர, அம்மா அப்பா இருவரிடமிருந்தும் மாறிய மரபணு வந்து சேர வேண்டும். அப்படிப்பட்ட பெற்றோருக்கு ஒவ்வொரு பிரசவத்திலும் நாலில் ஒரு வாய்ப்பு. சொந்தத்தில் கட்டினால் இருவரிடமும் அதே மரபணு இருக்கும் வாய்ப்பு கூடும் என்பது மெய். ஆனால் வெளியில் கட்டியவர்கள் வீட்டிலும் இது வருகிறது. தனக்குள் என்ன இருக்கிறதென்று உங்கள் அம்மாவுக்கு எப்படித் தெரிந்திருக்கும்? பாட்டி அடுத்த முறை ஆரம்பித்தால், அம்மா எழுந்து போகும்முன் நீங்கள் குறுக்கே பேசுங்கள்.

நீங்களும் அந்த மரபணுவைச் சுமப்பவராக இருக்க மூன்றில் இரண்டு வாய்ப்பு உண்டு. சுமப்பதால் மட்டும் உங்களுக்கு இந்த நோய் வராது. மாமா மகன் விஷயத்தில் தட்டு மாற்றும் முன் இருவரும் மரபணுப் பரிசோதனை செய்து, மரபியல் மருத்துவரிடம் பேசிவிடுங்கள். அவருக்கு அது இல்லையென்றால், நீங்கள் பயப்படும் விஷயம் உங்கள் பிள்ளைகளுக்கு வராது. பிறகு கட்டுவதா வேண்டாமா என்பது உங்கள் மனசு.

தம்பி இன்று பேசாமல் திரும்பிப் படுத்துக்கொள்ளலாம். நாளைக்கும் அப்படியே செய்யலாம். துரத்த வேண்டாம். எழும்பூர் ரயிலில் அவனுக்கு ஜன்னல் ஓர சீட்டை விட்டுக்கொடுத்து, பக்கத்தில் உட்காருங்கள். நர்ஸம்மா எடை பார்க்கும்போது அவன் தராசு முள்ளைப் பார்க்க மாட்டான், உங்கள் முகத்தைத்தான் பார்ப்பான். எண் எதுவானாலும் சரி, ஏறியிருந்தால் சிரியுங்கள்.