பாட்டில் பிரஷ் அல்ல, பாங்க்சியா

கேள்வி: ஜூன் மாதம் சிட்னிக்குத் தெற்கே ராயல் தேசியப் பூங்காவில் நடந்தோம். என்னைவிட உயரமான புதரில், மெழுகுவர்த்தி நட்டுவைத்தது போல ஆரஞ்சு நிறப் பூக்கள். கூட வந்தவர் ‘பாட்டில் பிரஷ்’ என்றார். அதே கிளையில் கரடுமுரடாக ஏதோ காய். என்ன செடி இது?
– வாசகி, சிட்னி

பதில்: பாட்டில் பிரஷ் நம்ம நாவல் மரத்தின் உறவு. நீங்கள் பார்த்தது பாங்க்சியா எரிசிஃபோலியா; நீலகிரித் தேயிலைத் தோட்டங்களில் நிற்கும் சில்வர் ஓக்கின் குடும்பம். அடுத்த முறை கிட்டப் போய்ப் பாருங்கள். ஒவ்வொரு இழையின் நுனியும் கொக்கி போல வளைந்திருக்கும். அந்த ஒரு ‘மெழுகுவர்த்தி’ நூற்றுக்கணக்கான சிறு பூக்கள் சேர்ந்த கதிர். தேன்சிட்டு மாதிரி அலகு நீண்ட தேனுண்ணிப் பறவைகள் இதையே சுற்றிக்கொண்டிருக்கும்.

அந்தக் காயை முதன்முதலில் பார்த்தபோது ஏதோ குளவிக்கூடு என்று பயந்து நான் நாலடி தள்ளி நின்றேன். அப்புறம்தான் தெரிந்தது, அது விதைப் பெட்டகம். கட்டைபோல் இறுக மூடிய வாய்க்குள் விதைகள் வருஷக்கணக்கில் காத்திருக்கும். காட்டுத்தீ வந்தால் செடி செத்துவிடும். சூட்டில் வாய்கள் பிளந்து விதைகள் சாம்பல் மண்ணில் விழுந்து முளைக்கும்.

பெயர், 1770இல் சிட்னியின் பாட்டனி விரிகுடாவில் செடிகள் சேகரித்த ஆங்கிலேயத் தாவரவியலாளர் ஜோசஃப் பாங்க்ஸை ஒட்டியது. வீட்டில் வளர்க்க ஆசையா? நர்சரியில் கன்று வாங்குங்கள். பூங்காவில் ஒரு காயைக்கூடப் பறிக்கக் கூடாது.