பெட்டியைக் கட்டும் முன் போனைப் பாருங்கள்

இந்த முறை வந்த கேள்விகளில் பாதிக்கு மேல், வெளிநாட்டில் இருக்கும் மகன் வீட்டிலோ மகள் வீட்டிலோ போய் ஆறு மாதம் தங்கப் போகிறவர்களிடமிருந்து. எதை வாங்கிக்கொண்டு போவது என்று கேட்டவர்கள்தான் அதிகம். இங்கே எதை உயிரோடு வைத்துவிட்டுப் போவது என்று கேட்டவர் ஒரே ஒருவர். அவரிடமிருந்தே ஆரம்பிக்கிறேன்.

கேள்வி: ஐ.சி.எஃப். ரயில் பெட்டித் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன், வயது 71. அக்டோபரில் மனைவியோடு நியூஜெர்சி போய், மார்ச் கடைசியில் திரும்புகிறேன். வங்கி, பென்ஷன் எல்லாம் என் பிரீபெய்ட் நம்பரில்தான் இருக்கிறது. அங்கே ஓ.டி.பி. வருமா? நவம்பரில் லைஃப் சர்டிபிகேட் வேறு கொடுக்க வேண்டுமே?
— பெரம்பூர் வாசகர்

பதில்: சிம் உயிரோடு இருந்தால் வரும். சிக்கல் அந்த 'இருந்தால்' என்பதில்தான்.

என் மாமியார் டல்லாஸ் போனபோது, அங்கே போய் எதற்கு இந்த நம்பர் என்று ரீசார்ஜ் செய்யாமல் விட்டுவிட்டோம். நாலாவது மாதம் ஃபிக்ஸட் டெபாசிட்டைப் புதுப்பிக்கப் பார்த்தால் ஓ.டி.பி. வரவில்லை, நம்பர் போயே போய்விட்டது. வங்கியில் கேட்டால், "நேரில் வந்து நம்பரை மாற்றிக்கொள்ளச் சொல்லுங்கள்" என்றார்கள். பிராஞ்ச் நங்கநல்லூரில், அவர் டல்லாஸில்.

90 நாள் எந்தப் பயன்பாடும் இல்லாத பிரீபெய்ட் நம்பரைத் துண்டிக்க, தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் விதி இடம் கொடுக்கிறது. கணக்கில் 20 ரூபாய் இருந்தால் அதைக் கழித்துக்கொண்டு இன்னும் 30 நாள் தருவார்கள். அதை நம்பி இருக்க வேண்டாம். நீங்கள் திரும்பும் தேதியைத் தாண்டி வேலிடிட்டி இருக்கும்படி இங்கேயே ரீசார்ஜ் செய்துவிடுங்கள். அப்புறம், இன்டர்நேஷனல் ரோமிங்கை ஊரில் இருக்கும்போதே ஆன் செய்ய வேண்டும். அதற்கு ஏதாவது பேக் போட்டே ஆக வேண்டுமா என்பது கம்பெனிக்குக் கம்பெனி மாறும். கடையில் நேராகக் கேளுங்கள். வருகிற எஸ்.எம்.எஸ்.ஸுக்குப் பொதுவாகக் கட்டணம் கிடையாது. பில் எகிறுவது டேட்டா ரோமிங்கால். அதை மட்டும் ஆஃப் செய்துவிட்டு, இரண்டு சிம் போடுகிற போனில் இந்திய சிம் ஒன்றிலும் அந்த ஊர் சிம் இன்னொன்றிலுமாக வைத்துக்கொள்ளுங்கள்.

இங்கே ஒரு கண்ணி இருக்கிறது. போய் இறங்கியதும் பிள்ளைகள் ஆசையாகப் புது ஐபோன் வாங்கித் தருவார்கள். 2022ல் வந்த ஐபோன் 14 முதல் அமெரிக்காவில் விற்கும் மாடல்களில் சிம் செருகும் இடமே கிடையாது, போனுக்குள்ளேயே பதிந்திருக்கும் இ-சிம் மட்டும்தான். உங்கள் பிளாஸ்டிக் சிம்மை அதில் வைக்க முடியாது. அப்படி ஏதும் திட்டம் இருந்தால் சென்னையிலேயே இ-சிம்மாக மாற்றிக்கொண்டு கிளம்புங்கள். இல்லையென்றால் பழைய போன் அலமாரியில் சார்ஜோடு இருக்கட்டும். யு.பி.ஐ., வங்கி ஆப்களையும் அங்கே போய்ப் புதுப் போனில் ஏற்ற முயல வேண்டாம். சரிபார்ப்புக்கு இந்திய சிம்மிலிருந்து எஸ்.எம்.எஸ். போக வேண்டும், அது அங்கிருந்து பல தடவை தோற்றுப்போகும்.

லைஃப் சர்டிபிகேட்டுக்காகப் பயணத்தைத் தள்ளிப்போட வேண்டியதில்லை. மத்திய அரசு பென்ஷனர்களுக்கு நவம்பர்தான் மாதம். 80 வயது தாண்டியவர்கள் மட்டும் அக்டோபரிலேயே கொடுக்கலாம். உங்களுக்கு அந்தச் சலுகை இல்லை. நியூஜெர்சி நியூயார்க்கில் உள்ள இந்தியத் துணைத் தூதரகத்தின் எல்லைக்குள் வருகிறது. அங்கே கையெழுத்து வாங்கி அனுப்பலாம். பி.பி.ஓ. (பென்ஷன் ஆணை) நம்பர், வங்கிக் கணக்கு விவரம், எந்த பிராஞ்சுக்கு யார் பெயருக்கு அனுப்ப வேண்டும் என்பதை ஒரு தாளில் எழுதிப் பாஸ்போர்ட்டோடு வையுங்கள். கிளம்பும் முன் பிராஞ்சில் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு, அவர்கள் ஏற்கும் படிவத்தையும் கையோடு வாங்கிக்கொள்ளுங்கள்.

கேள்வி: இருவருக்கும் சர்க்கரை, பி.பி. உண்டு. டிராவல் இன்ஷூரன்ஸ் இங்கே எடுப்பதா, அங்கே போய் எடுப்பதா? எது மலிவு?
— அண்ணாநகர் வாசகி

பதில்: மலிவு எது என்று கேட்டால் தப்பான பாலிசியில்தான் போய் விழுவோம். எதற்குக் கொடுக்க மாட்டார்கள் என்று முதலில் கேளுங்கள்.

இந்திய கம்பெனிகளின் பாலிசியைப் பொதுவாக விமானம் ஏறும் முன்பே எடுத்துவிட வேண்டும். நாள் கணக்குக்கு வரம்பு இருக்கும், பெரும்பாலும் 180 நாள். நீட்டிப்பதென்றால் முடிவதற்கு முன்பே கேட்க வேண்டும். அமெரிக்காவில் வருகையாளர்களுக்கென்று விற்கும் பாலிசிகளை அங்கே இறங்கிய பிறகும் வாங்கலாம். அவற்றில் இரண்டு ஜாதி. ஒன்றில் ஒவ்வொரு செலவுக்கும் உச்சவரம்பு போட்டிருப்பார்கள்: டாக்டரைப் பார்க்க இவ்வளவு, ஒரு நாள் அறைக்கு இவ்வளவு, ஸ்கேனுக்கு இவ்வளவு. பிரீமியம் குறைவு, ஆனால் ஆஸ்பத்திரி பில் அந்தப் பட்டியலைப் பார்த்துப் போடப்படுவதில்லை. மீதி நம் தலையில்தான். இன்னொன்றில் முதலில் ஒரு தொகையை நாம் கட்ட வேண்டும், டிடக்டிபிள் என்பார்கள். அதற்கு மேல் பெரும்பகுதியை, ஒரு கட்டத்துக்குப் பிறகு முழுவதையும், பாலிசித் தொகை வரை அவர்கள் கட்டுவார்கள். பட்டியல் போட்ட பாலிசியை என் அம்மாவுக்கு நான் எடுக்க மாட்டேன்.

சர்க்கரை, பி.பி. விஷயத்துக்கு வருவோம். ஏற்கெனவே இருக்கும் நோய்க்கு மாதாமாதம் செக்கப், மாத்திரை, ரத்தப் பரிசோதனை என்று எந்தப் பாலிசியும் கொடுக்காது. நல்ல பாலிசிகள் கொடுப்பது, அந்த நோய் திடீரென முற்றி உயிருக்கு ஆபத்தான அவசர நிலை வந்தால் மட்டும். அதற்கும் வயது வரம்பு, தொகை வரம்பு, எத்தனை மணி நேரத்துக்குள் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும் என்ற நிபந்தனை எல்லாம் உண்டு. 70 தாண்டியதும் இந்த வரம்புகள் சடசடவென்று இறங்கும். விளம்பரத்தாளில் இதெல்லாம் இருக்காது. பாலிசி வாசகத்தை மெயிலில் அனுப்பச் சொல்லி, அந்தப் பகுதியை மட்டுமாவது மகனிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லுங்கள். விண்ணப்பத்தில் நோயை மறைக்கவே மறைக்காதீர்கள். கிளைம் வரும்போது பழைய சீட்டை எல்லாம் கேட்பார்கள்.

சளி, காய்ச்சல், சின்ன வெட்டுக்காயம் என்றால் அங்கே 'அர்ஜன்ட் கேர்' கிளினிக்குகள் உண்டு; ஆஸ்பத்திரி எமர்ஜென்சியை விடச் செலவு வெகு குறைவு. அதே சமயம் நெஞ்சு வலி மாதிரி ஒன்று என்றால் பில்லை நினைத்துத் தயங்க வேண்டாம். எமர்ஜென்சிக்கு வருகிறவரைப் பணத்தைக் காரணம் காட்டித் திருப்பி அனுப்பக் கூடாது, பரிசோதித்து நிலையைச் சீராக்க வேண்டும் என்று 1986 முதல் அங்கே சட்டம் இருக்கிறது. பில் பின்னாடி வரும். ஆம்புலன்ஸுக்கும் தனியாக வரும், நம் 108 மாதிரி இலவசம் இல்லை.

இங்கே இருக்கும் மெடிக்ளைம் பாலிசி, நீங்கள் இல்லாத ஆறு மாதத்தில் புதுப்பிக்க வேண்டி வருகிறதா என்று பாருங்கள். அதைத் தவறவிட்டால், வருஷக் கணக்கில் காத்திருந்து கடந்த காத்திருப்புக் காலமெல்லாம் வீணாகி, முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும்.

கேள்வி: ஆறு மாதத்துக்கான மாத்திரையை மொத்தமாக எடுத்துப் போகலாமா?
— மயிலாப்பூர் வாசகர்

பதில்: அமெரிக்காவில் சொந்த உபயோகத்துக்கு 90 நாள் அளவு என்பதை அங்குள்ள மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. வழிகாட்டியாக வைத்திருக்கிறது. அதற்கு மேல் தங்குகிறவர்களுக்கு, மீதியைச் சீட்டோடு தபாலில் வரவழைக்க இடம் கொடுக்கிறது. டாக்டரிடம் மருந்தின் மூலப்பெயரை எழுதித் தரச் சொல்லுங்கள், பிராண்ட் பெயர் அங்கே யாருக்கும் புரியாது. நம் பாரசிட்டமாலையே அங்கே அசிட்டமினோஃபென் என்கிறார்கள். மாத்திரைகளைப் பிய்த்து எவர்சில்வர் டப்பாவில் கொட்டாமல் அட்டையோடு வையுங்கள். இன்சுலின் கைப்பையில்தான் வர வேண்டும். சரக்குப் பகுதியில் உறைந்துவிடலாம்.

போகிற இடம் துபாயோ சிங்கப்பூரோ என்றால் விதி வேறு. கோடீன் கலந்த இருமல் மருந்து, டிரமடால், தூக்க மாத்திரை போன்றவற்றுக்கு முன்அனுமதி தேவைப்படும். நாம் அலட்சியமாக வாங்கிப் போடும் மருந்துக்கு அங்கே கைதாகும் அளவுக்குச் சட்டம் இருக்கிறது.

கேள்வி: தி.நகரில் மிக்ஸி, கிரைண்டர், அரிசி, பருப்பு, ஊறுகாய் எல்லாம் வாங்கலாம் என்று இருக்கிறேன். மகள் வேண்டாம் என்கிறாள்.
— நங்கநல்லூர் வாசகி

பதில்: மகள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. நம் ஊர் மின்சாரம் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். அமெரிக்காவில் 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ். பின்னை மாற்றும் அடாப்டர் வோல்டேஜை மாற்றாது. கடைக்காரர் இரண்டையும் ஒன்றாகச் சொன்னால் அடுத்த கடைக்குப் போய்விடுங்கள். போன், லேப்டாப் சார்ஜரில் '100-240' என்று போட்டிருக்கும், கவலையில்லை. நம் ஊர்க் கெட்டிலை அங்கே செருகினால் கால் பங்கு சூடுதான் வரும். காபிக்குத் தண்ணீர் கொதிப்பதற்குள் பேத்தி தூங்கி எழுந்துவிடுவாள். 750 வாட் மிக்ஸிக்குத் தாங்கும்படி டிரான்ஸ்ஃபார்மர் வாங்கினால் அதன் எடையே பெட்டியில் பாதி. கிரைண்டருக்கு டிரான்ஸ்ஃபார்மரும் முழுத் தீர்வு இல்லை, அது ஹெர்ட்ஸை மாற்றாது என்பதால் மோட்டார் வேகம் கூடிவிடும். வாங்குவதானால் 110 வோல்ட் என்றே விற்கும் மாடலை வாங்குங்கள், தி.நகர்க் கடைகளில் கேட்டால் காட்டுவார்கள். வாரண்டி அங்கே செல்லுமா என்பதைப் பில்லிலேயே எழுதி வாங்குங்கள்.

சாமான்களில் அரிசியும் கொண்டைக்கடலையும் வேண்டாம். கப்ரா வண்டு என்ற பூச்சி பரவும் என்று இந்தியாவிலிருந்து பயணிகள் கொண்டுவரும் அரிசியை அமெரிக்கா தடுக்கிறது. பச்சைக் கறிவேப்பிலையும் அப்படியே, எலுமிச்சை வகை மரங்களைக் கெடுக்கும் பூச்சிக்குப் பயந்து. எடிசனில் ஓக் ட்ரீ ரோடுக்கு மகள் ஒருமுறை கூட்டிப்போனால் இட்லி அரிசி வரை பார்த்துவிடுவீர்கள். பொடி வகைகள், வற்றல், ஊறுகாய் எடுத்துப் போகலாம். சாப்பாட்டுச் சாமான் இருக்கிறதா என்று கேட்டால் இருக்கிறது என்றே சொல்லுங்கள். சொன்னால் அதிகபட்சம் எடுத்துப் போட்டுவிடுவார்கள், சொல்லாமல் மாட்டினால் அபராதம். வளைகுடா நாடுகளுக்கோ சிங்கப்பூருக்கோ போகிறவர்கள் குருமாப் பொடியில் கசகசா கலந்திருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். அங்கே அது போதைப்பொருள் கணக்கு.

கேள்வி: கையில் எவ்வளவு பணம் வைத்துக்கொள்ளலாம்? போட்டுப் போகும் நகைக்குத் திரும்பும்போது வரி கேட்பார்களா?
— மேற்கு மாம்பலம் வாசகர்

பதில்: இந்திய நோட்டு 25,000 ரூபாய் வரை, டாலர் நோட்டு 3,000 வரை. மீதியை, வெளிநாட்டுப் பணம் ஏற்றி வைக்கும் ஃபாரெக்ஸ் கார்டில் ஏற்றுங்கள். நம் டெபிட் கார்டில் வெளிநாட்டு உபயோகம் ஆஃப் ஆகியிருக்கலாம், ஆப்பில் பார்த்து ஆன் செய்யுங்கள். அங்கே கடை மெஷின் ரூபாயிலா டாலரிலா என்று கேட்டால் டாலர் என்று அழுத்துங்கள். ரூபாய் என்றால் அவர்கள் இஷ்டத்துக்கு ரேட் போடுவார்கள். நகைக்கு, போகும்போதே விமான நிலையச் சுங்கத்தில் ஏற்றுமதிச் சான்று வாங்கலாம். மதிப்பீட்டாளர் சீட்டும் போட்டோவும் தயாராக இருந்தால் வேலை சீக்கிரம் முடியும். ஆனால் தாலியும் ஒரு ஜோடித் தோடும் போதும், மீதியை லாக்கரில் வையுங்கள்.

கேள்வி: அமெரிக்க விசா பத்து வருஷத்துக்கு இருக்கிறது. திரும்பும் டிக்கெட்டை ஏழு மாதம் கழித்துப் போடலாமா? ரத்து செய்தால் ஒரு பைசா வராது என்கிறார் ஏஜென்ட்.
— வேளச்சேரி வாசகர்

பதில்: போடக் கூடாது. பத்து வருஷம் என்பது வாசலைத் தட்டும் உரிமை. எவ்வளவு நாள் உள்ளே இருக்கலாம் என்பது இறங்கியதும் பதிவாகும் ஐ-94 என்ற நுழைவுப் பதிவில் உள்ள தேதி, சுற்றுலா விசாவுக்கு வழக்கமாக ஆறு மாதம். அந்தத் தேதிக்கு ஒரு வாரம் முன்பாகவே டிக்கெட் போடுங்கள்.

ஏஜென்ட் சொல்வது முழு உண்மை இல்லை. இந்திய விமான நிறுவனம் என்றால், திருப்பித் தராத டிக்கெட்டிலும் வரிகளையும் விமான நிலையப் பயனர் கட்டணத்தையும் திருப்பித் தர வேண்டும் என்பது விமானப் போக்குவரத்து இயக்குநரகமான டி.ஜி.சி.ஏ.வின் விதி. ஏஜென்ட் மூலம் எடுத்திருந்தாலும் பொறுப்பு நிறுவனத்துடையதுதான். வெளிநாட்டு நிறுவனங்களுக்கு அவர்கள் நாட்டு விதி பொருந்தும். டிக்கெட்டில் வரி எவ்வளவு என்று பிரித்துக் காட்டச் சொல்லி மெயில் போடுங்கள், வாய்ப்பேச்சு வேண்டாம். மழுப்பினால் அந்த மெயிலோடு தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915க்குப் போன் செய்யுங்கள்.