அலமாரி மேல ஒரு வைமேக்ஸ் மோடம்

கே: எங்க தெருவுக்கு ஃபைபர் வரல. கடைக்காரர் 5ஜி ரூட்டர 24 மாச கான்ட்ராக்ட்ல எடுங்கங்கிறார், மச்சான் 4ஜி எல்டிஇ-யே போதும்கிறான். கடைசியில எது ஜெயிக்கும்?
— டொங்காட் வாசகர், தென்னாப்பிரிக்கா

ப: எது வேணா ஜெயிக்கட்டும், உங்க ஹாலுக்குள்ள சிக்னல் வருதான்னு பாருங்க. ஜெயிக்கிற குதிரைன்னு நம்பிக் கைய சுட்டுக்கிட்டவன் நான். 2008 வாக்குல, சாட்ஸ்வொர்த்ல இருந்தப்போ, டவர்ல இருந்து காத்து வழியா வீட்டுக்கு நெட் தர்ற வைமேக்ஸ்தான் இனிமேன்னு ஒரு கம்பெனிக்காரன் சொல்ல, சிப் தயாரிக்கிற இன்டெல்லே பின்னால நிக்குதேன்னு மோடத்துக்கு முழுக்காசும் கட்டி கூரை மேல ஆன்டெனா வேற மாட்டினேன். வேகம் இல்லாம ஒண்ணும் அது தோக்கல. 3ஜி வச்சிருந்த கம்பெனிகளுக்கு அதே டவர், அதே கஸ்டமரோட எல்டிஇ-க்கு மாறுறது சுலபமா இருந்துச்சு, ஃபோன் தயாரிக்கிறவங்களும் அந்தப் பக்கமே சாஞ்சுட்டாங்க. 2012 கடைசியில இங்க வோடகாம், எம்டிஎன் ரெண்டு மொபைல் கம்பெனியும் எல்டிஇ ஆரம்பிச்சாச்சு, அமெரிக்காவுல ஸ்பிரின்ட் 2016ல வைமேக்ஸையே மூடிருச்சு. என் மோடம் வேற எந்த நெட்வொர்க்குக்கும் உதவாது, வீட்டுக்காரம்மா அது மேல மாங்கா ஊறுகா ஜாடி வைக்கிறாங்க.

வேடிக்கை என்னன்னா அன்னைக்கு வைமேக்ஸ் ஓடின 3.5 கிகாஹெர்ட்ஸ் பக்கத்துலதான் இன்னைக்கு 5ஜி-யும் ஓடுது. அதுக்கு செங்கல் சுவர்னா ஆகாது. 800, 900 மெகாஹெர்ட்ஸ்ல வர்ற எல்டிஇ உள்ரூம் வரைக்கும் வரும், வேகம்தான் கம்மி. அதனால மாசாமாசம் கட்டுற ப்ளான்ல எடுத்து ஜன்னலோரம் வச்சு, ஊரே கிரிக்கெட் பாக்குற ராத்திரி 8 மணிக்கு ஓட்டிப் பாருங்க. 24 மாசத்துல மாட்டிக்கிட்டாலும் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி 20 வேலை நாள் நோட்டீஸ் குடுத்து வெளிய வரலாம், ஆனா நியாயமான கேன்சல் சார்ஜும் ரூட்டர் பாக்கியும் கேப்பாங்க.

கே: சந்தையில 5ஜி ரூட்டர் 350 ரேண்டுக்கு வாங்கினேன், சிம் போட இடமே இல்ல. ஏமாத்திட்டானா?
— ஃபீனிக்ஸ்

ப: அது 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபை, வீட்டுக்குள்ள மட்டும் ஓடுற அலை, மொபைல் 5ஜி இல்ல. பெட்டியத் திருப்பிப் படிச்சிருந்தா தெரிஞ்சிருக்கும். நாலு பன்னி சோ (ரொட்டிக்குள்ள ஊத்துற குழம்பு) விலைக்கு 5ஜி தருவாங்களா சார்?

கே: ஸ்டேன்கர் பக்கம் கரும்புக்காட்டுக்குள்ள இருக்கோம், டவர் எட்டல. பக்கத்து நாட்டுல பதிவு பண்ண ஸ்டார்லிங்க் சாட்டிலைட் இன்டர்நெட் டிஷ் ஒருத்தர் தர்றேங்கிறார். வாங்கலாமா?

ப: வேணாம். ஸ்டார்லிங்க்காரங்க இங்க இன்னும் லைசென்ஸ் வாங்கல, லைன கட் பண்ணிட்டா டிஷ்ஷு மேல காக்காதான் உக்காரும்.

கே: எங்க ஆயாவுக்கு 76 வயசு. வாசலுக்கு வந்த பையன் 'ஃப்ரீ வைஃபை'ன்னு பேப்பர்ல கையெழுத்து வாங்கிட்டுப் போயிட்டான். இப்ப 24 மாசத்துக்கு மாசம் 599 ரேண்டாம். பெட்டி நேத்துதான் வந்துச்சு.
— மேர்பேங்க் பேத்தி

ப: மொதல்ல ஆயாவ யாரும் திட்டாதீங்கம்மா. பொடி எழுத்து அவங்க கண்ணுக்குத் தெரியாதுன்னு அந்தப் பையனுக்குத் தெரியும், அத வச்சுத்தான் வந்திருக்கான். வாசல்ல வந்து வித்தா அதே நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தோட 16ஆம் பிரிவு இருக்கு: பெட்டி கைக்கு வந்து 5 வேலை நாளுக்குள்ள எழுதிக் குடுத்தா காரணமும் சொல்ல வேணாம், அபராதமும் கிடையாது. இன்னைக்கே ஈமெயில் போடுங்க, ஃபோன்ல சொல்லிட்டு விட்டுடாதீங்க. அட்டைப்பெட்டியப் பிரிக்க வேணாம், திருப்பிக் குடுக்குறப்போ கையெழுத்தோட ரசீது வாங்குங்க. டெபிட் ஆர்டர்ல (அக்கவுன்ட்ல இருந்து தானா எடுக்குறது) காசு போயிருந்தா பேங்க்ல டிஸ்பியூட் போடுங்க. அப்புறம் என்னாச்சுன்னு எனக்கு ஒரு வரி எழுதுங்க.