முன்பணம் கொடுக்கும் முன் உதிரிபாக கவுண்டரைப் பாருங்கள்

கேள்வி: எங்களுக்கு ஏழு ஏக்கர். மரவள்ளியும் மக்காச்சோளமும் போடுகிறோம். 45 எச்.பி.யில் இரண்டு கம்பெனி டிராக்டர் பார்த்திருக்கிறோம். ஒன்றுக்கு டீலர் இங்கேயே இருக்கிறார். இன்னொன்று 40,000 ரூபாய் குறைவு, ஆனால் டீலர் சேலத்தில். எதை எடுக்கலாம்?
- வாசகர், வாழப்பாடி

பதில்: கோடை மழை பெய்தால் செம்மண்ணில் உழவுப் பதம் மூன்று நாலு நாள்தான் நிற்கும். அந்த நேரத்தில் வண்டி படுத்துவிட்டால் வாடகை வண்டியும் சிக்காது. ஊரே அன்றைக்குத்தான் உழும். நம் பக்கத்து விவசாயிகள் கம்பெனி பெயரைவிட, கூப்பிட்டால் மெக்கானிக் எப்போது வருவார் என்று முதலில் விசாரிப்பது இதனால்தான். அது சரியான கேள்வி.

அதற்காக, ஷோரூம் பக்கத்தில் இருக்கிறது என்று மட்டும் நம்பி எடுக்காதீர்கள். ஒரு நாள் உதிரிபாக கவுண்டரில் போய் நின்று, நீங்கள் பார்த்த மாடலுக்கு டீசல் ஃபில்டர், முன் ஹப் ஆயில் சீல், ஹைட்ராலிக் ஓ-ரிங், ரிலீஸ் பேரிங், கிளட்ச் பிளேட் எல்லாவற்றையும் எடுத்துக் காட்டச் சொல்லுங்கள். ஃபில்டர் எல்லாரிடமும் இருக்கும். கிளட்ச் பிளேட் கேட்டால்தான் சாயம் வெளுக்கும். உங்களுக்கு அது முக்கியம். கிழங்கு லோடோடு ஜவ்வரிசி ஆலை வரிசையில் பாதி கிளட்ச் மிதித்தே ஊர்ந்தால் பிளேட் சீக்கிரம் தேயும். அதை மாற்ற வண்டியை நடுவில் பிரித்து எஞ்சினைத் தனியாக நகர்த்த வேண்டும். சாமான் கையில் இருந்தால் ஒரு நாள் வேலை. 'சென்னையிலிருந்து வரணும்' என்றால் வண்டி இரண்டு துண்டாக ஸ்டாண்டு மேல் கிடக்கும்.

அதே மாடலை 1,000 மணி நேரத்துக்கு மேல் ஓட்டிய இரண்டு பேரிடமாவது பேசுங்கள். 50 மணி நேர முதல் சர்வீஸை டீலர் வீட்டுக்கு வந்து செய்தாரா, சர்வீஸ் புத்தகத்தில் பதிந்தாரா என்று கேளுங்கள். பதிவு விட்டுப்போனால் வாரண்டி கேட்கும்போது கையை விரிப்பார்கள். டயர், பேட்டரிக்கு வாரண்டி பெரும்பாலும் அவற்றைத் தயாரித்தவர்களுடையது. அதையும் டீலரே வாங்கித் தருவாரா என்று கேட்டுவிடுங்கள்.

சேலம் டீலர் வாழப்பாடிக்கு மெக்கானிக் அனுப்புகிறவராக இருந்து, உள்ளூர்ப் பட்டறையிலும் அந்த வண்டியைப் பிரித்துப் பழகியவர் இருந்தால், குறைந்த விலைக்கே எடுக்கலாம். இரண்டில் ஒன்று இல்லையென்றாலும் வேண்டாம்.

கேள்வி: 50 எச்.பி.க்கு மேல் எடுத்தால்?
- வாசகர், ஆத்தூர்

பதில்: 2023 ஜனவரி முதல் அந்த அளவுக்கு மேற்பட்ட புது வண்டிகளுக்குப் புதிய புகை விதி. பெரும்பாலும் சி.ஆர்.டி.ஐ. எஞ்சின்தான் (டீசலைக் கம்ப்யூட்டரே அளந்து பீய்ச்சுவது) வருகிறது. சென்சார் கோளாறு என்றால் ஸ்கேனர் கருவி உள்ள டீலரைத்தான் தேட வேண்டும். ஊர் மெக்கானிக்கால் முடியாது. இதற்கு டீலர் பக்கத்திலேயே இருக்க வேண்டும்.

கேள்வி: தோட்டத்துக்கு மெக்கானிக் மலையேறி வரத் தயங்குகிறார். என்ன செய்யலாம்?
- வாசகர், ஏற்காடு

பதில்: வண்டி எடுக்கும்போதே, தோட்டத்தில் வந்து சர்வீஸ் செய்வதாக எழுதி வாங்குங்கள். இரண்டு டீசல் ஃபில்டர், ஒரு ஆயில் ஃபில்டர், ஃபேன் பெல்ட், ஃபியூஸ் வீட்டில் இருக்கட்டும். டீசல் தீர்ந்து குழாயில் ஏர் (காற்று) பிடித்தால் ஃபில்டர் தலையில் உள்ள ஸ்க்ரூவைத் தளர்த்தி, கை பம்பை அடியுங்கள். குமிழி நின்று டீசல் மட்டும் வந்ததும் இறுக்குங்கள். டெலிவரி அன்றே டீலரின் ஆளை வைத்து ஒருமுறை செய்து பழகிக்கொள்ளுங்கள். இறக்கத்தில் இரண்டு பிரேக் பெடலையும் சேர்த்துப் பூட்டிவிட்டு, தாழ்ந்த கியரில் இறங்குங்கள். ஒரு பக்கப் பிரேக் மட்டும் பிடித்தால் கொண்டை ஊசி வளைவில் டிரெய்லர் வண்டியைத் திருப்பிவிடும்.