பழைய யாட் படங்கள், ஸ்காட்லாந்துக் கரை: கேள்வி பதில்

ஸ்காட்லாந்தின் மேற்கில் கிளைடு நதி கடலில் சேரும் பரந்த முகத்துவாரம் ஒருகாலத்தில் பெரிய பந்தய யாட்டுகளின், அதாவது பாய்மரப் பந்தயப் படகுகளின், களம். 1880 முதல் 1935 வரை அங்கே எடுத்த படங்களை அடையாளம் காண்பது, ஸ்கேன் செய்வது, காப்பாற்றுவது பற்றி வந்த கேள்விகளுக்கான பதில்கள் இவை.

கோவையிலிருந்து: அக்கா, என்னிடம் உள்ள ஒரு படத்தின் பின்னால் பென்சிலில் "பிரிட்டானியா, கிளைடு, 1889" என்று இருக்கிறது. நம்பலாமா?

ஆண்டை நம்ப முடியாது. பிரிட்டானியா 1893-ல்தான் தண்ணீரில் இறங்கியது. ஜி. எல். வாட்சன் வடிவமைத்து, கிளாஸ்கோவின் மெடோசைடு கப்பல் கட்டும் தளத்தில் ஹெண்டர்சன் நிறுவனம் கட்டியது. பின்னாளில் ஏழாம் எட்வர்டு மன்னரான வேல்ஸ் இளவரசருக்காக. பின்பக்கத்துப் பென்சில் எழுத்து பெரும்பாலும் யாரோ பல வருஷம் கழித்து நினைவிலிருந்து எழுதியது. அதைக் கடைசியில் படியுங்கள். முதலில் படகைப் பாருங்கள்.

அணியம், அதாவது படகின் முன்முனைதான் முதல் சாட்சி. அது கத்தி போல நேர்செங்குத்தாகத் தண்ணீரில் இறங்கினால் அது 1880-களின் நடுப்பகுதி வரையிலான பந்தயப் படகாக இருக்க வாய்ப்பு அதிகம். 1884-ல் கட்டிய ஜெனஸ்டா அப்படித்தான். உள்வளைவாக முன்னே நீண்டால் கிளிப்பர் வகை, 1887-ன் திஸ்ல் போல. கரண்டியின் அடிப்பக்கம் போல வெளிவளைந்து நீரைத் தொட்டால் 1890-களின் தொடக்கத்திலிருந்து வந்த பாணி, பிரிட்டானியா அந்த ரகம்.

அடுத்து பாய். பெரிய பாயின் மேல்விளிம்பை ஒரு சாய்ந்த கட்டை தாங்கி, அதற்கு மேல் தனியாக ஒரு முக்கோணப் பாய் இருந்தால் அது காஃப் அமைப்பு. பிரிட்டானியா 1931 வரை அப்படியே ஓடியது. அதன்பின் ஒரே உயரமான முக்கோணப் பாய்க்கு மாறியது; அந்தக் காலப் படங்களில் பாயில் "கே 1" என்ற எண் தெரியும். 1936 ஜூலை 10-ல் தெற்கு இங்கிலாந்தின் வைட் தீவுக்கு அருகே அதை வேண்டுமென்றே மூழ்கடித்தார்கள். ஆக உங்கள் படம் காஃப் பாயும் கறுப்பு உடலும் கரண்டி அணியமும் காட்டினால் 1893-க்கும் 1930-க்கும் இடையே என்பது வரை உறுதியாகச் சொல்லலாம்.

அதே வாசகர்: வால்கைரியாகவும் இருக்கலாம் என்று ஒருவர் சொன்னார்.

சரியான சந்தேகம். இரண்டாம் வால்கைரியும் அதே ஆண்டு, அதே தளம், அதே வடிவமைப்பாளர். தூரப் படத்தில் இரட்டைப் பிள்ளைகள். ஆனால் 1894 ஜூலை 5-ல் கிளைடில் பந்தயம் தொடங்கும் நேரத்தில் சாட்டனிட்டா என்ற யாட் மோதி வால்கைரி சில நிமிடங்களில் மூழ்கிவிட்டது. அந்தத் தேதிக்குப் பிந்தைய கிளைடு படத்தில் அது இருக்க வழியே இல்லை. 1895-ல் வந்தது மூன்றாம் வால்கைரி, வேறு படகு.

அப்புத்தளையிலிருந்து: லிப்டனின் ஷாம்ராக் பச்சை என்று படித்தேன். என் அட்டையில் உடல் கன்னங்கரேலென்று இருக்கிறது. வேறு படகா?

அதே படகாகவே இருக்கலாம். அக்காலத்துச் சாதாரணக் கண்ணாடி நெகட்டிவ் தகடுகள் நீலத்தையும் ஊதாவையும் மட்டுமே பார்த்தன. பச்சை, மஞ்சள், சிவப்பு மூன்றும் அவற்றுக்கு இருட்டு. பச்சை உடல் கறுப்பாக விழும், நீலக்கொடி வெளிறிப் போகும், வார்னிஷ் அடித்த பைன் மரக்கம்பம் கருமையாகத் தெரியும். பிறகு வந்த ஆர்த்தோ தகடுகள் பச்சையைப் பிடித்தன, சிவப்பைப் பிடிக்கவில்லை. எல்லா நிறமும் பிடிக்கும் பான்குரோமட்டிக் தகடு இங்கிலாந்தில் விற்பனைக்கு வந்தது 1906-ல். அதற்குப் பிறகும் பழைய வகையை விடாதவர்கள் நிறைய.

இதே கண்ணியில் நீராவிக் கப்பலை வைத்துப் பெயர் சொல்பவர்களும் விழுவார்கள். மெக்பிரேன் என்ற நிறுவனத்தின் கப்பல்களில் புகைபோக்கி சிவப்பு, உச்சி மட்டும் கறுப்பு. படத்தில் முழுக் கறுப்பாக நிற்கும். ரோத்சே விரிகுடாப் படத்தில் இரண்டு புகைபோக்கி கொண்ட துடுப்புச்சக்கரக் கப்பல் தெரிந்தால், அது 1878-ல் கட்டிய கொலம்பாவா என்று பாருங்கள். புகைபோக்கியின் நிறத்தை வைத்து அதை நிராகரிக்காதீர்கள்.

அப்புத்தளை என்பதால் ஒன்று சொல்ல வேண்டும். கிளாஸ்கோக்காரரான தேயிலை வணிகர் லிப்டன் 1890-ல் இலங்கையில் தோட்டங்கள் வாங்கினார். உங்கள் பக்கத்துத் தம்பேத்தனையும் அவருடையது. 1899 முதல் 1930 வரை ஐந்து ஷாம்ராக்குகளை அமெரிக்கக் கோப்பை யாட் பந்தயத்துக்கு அனுப்பிய பணத்தில் மலையகத் தமிழர் பறித்த கொழுந்தும் இருக்கிறது. அந்தப் பாய்களைப் பார்க்கும்போது நாம் அதையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

தூத்துக்குடியிலிருந்து: படகுக்குப் பின்னால் கடலில் ஒரு தனிக் குன்று, கவிழ்த்த சட்டி மாதிரி. எந்த இடம்?

எய்ல்சா கிரேக். கடல்மட்டத்திலிருந்து 338 மீட்டர், சுற்றிலும் செங்குத்து. பனிமேல் உருட்டி ஆடும் கர்லிங் விளையாட்டின் கற்கள் பல அந்தக் கிரானைட்டில் செய்தவை. கிழக்குப் பக்கத்தில் மட்டும் தாழ்ந்த சமதரை. அங்கேதான் 1886-ல் கலங்கரை விளக்கம் வந்தது. அந்தப் பக்கத்திலிருந்து எடுத்த தெளிவான படத்தில் கலங்கரை விளக்கம் இல்லை என்றால் படம் அதற்கு முந்தையது.

பின்னணியில் பல்வரிசை போலச் சிகரங்கள் இருந்தால் அரன் தீவு. உயர்ந்தது கோட் ஃபெல், 874 மீட்டர். வரைபடத்தோடு ஒப்பிடும்போது மலைவரிசை இடம் வலம் மாறியிருந்தால் குழம்ப வேண்டாம்: கண்ணாடி நெகட்டிவைத் திருப்பி வைத்து அச்சிட்டிருக்கிறார்கள். பாயில் எண் இருந்தால் உடனே தெரிந்துவிடும். எண் இல்லாத காலத்துப் படங்களுக்கு மலைதான் நீதிபதி.

மதுரையிலிருந்து: ஸ்டாஃபா தீவின் குகை முன்னால் பெரிய பந்தயப் படகு முழுப்பாயுடன் போகும் அட்டை ஒன்று விலைக்கு வருகிறது. அற்புதமான படம்!

அற்புதமான ஒட்டுவேலை என்றே நினைக்கிறேன். பிரிட்டானியா அளவுப் படகுக்குத் தண்ணீருக்கடியில் சுமார் 15 அடி ஆழம் வேண்டும். முழுப்பாய் விரித்து, குகையைச் சுற்றியுள்ள பசால்ட் பாறைத் தூண்களை உரசிக்கொண்டு எந்த மாலுமியும் அதை ஓட்ட மாட்டார். ஆனால் இந்தத் தர்க்கத்தை விட நல்ல சோதனை ஒன்று உண்டு.

அடிவானக் கோட்டைப் பாருங்கள். கேமரா நீர்மட்டத்திலிருந்து 2 மீட்டர் உயரத்தில் இருந்தால், அடிவானம் படத்தில் உள்ள ஒவ்வொரு படகையும் அதன் நீர்க்கோட்டிலிருந்து 2 மீட்டர் உயரத்திலேயே வெட்டும். அருகில் இருந்தாலும் தூரத்தில் இருந்தாலும் அதே உயரம். ஒரு படகை மேல்தளத்திலும் இன்னொன்றைப் பாய்மரத்தின் பாதியிலும் வெட்டினால் இரண்டும் வேறுவேறு படங்களிலிருந்து வந்தவை. பிறகு நிழலின் திசை, பாய் புடைத்திருக்கும் பக்கம், அலையின் மடிப்பு. காற்று பாய்க்கு ஒரு திசையிலும் கப்பல் புகைக்கு எதிர்த்திசையிலும் வீசாது.

மேகத்துக்கும் இதே கவனம் தேவை. நீலத்தை மட்டும் அறிந்த தகட்டில் வானம் வெறும் வெள்ளையாகிவிடும் என்பதால், வேறொரு நெகட்டிவிலிருந்து மேகத்தை அச்சிட்டுச் சேர்ப்பது அன்று சாதாரணம். ஏமாற்று என்று யாரும் நினைக்கவில்லை. பாய்க்குள் மேகத்தின் ஓரம் கசிந்து தெரிந்தால் அதுதான்.

சென்னையிலிருந்து: எந்த முறையில் அச்சிட்டது என்று வீட்டிலேயே எப்படிக் கண்டுபிடிப்பது?

10 மடங்கு பெரிதாக்கிக் காட்டும் லூப் (சிறு உருப்பெருக்கிக் கண்ணாடி) ஒன்று போதும். வெளிச்சமான பகுதியில் வைத்துப் பாருங்கள். காகித நார் தெளிவாகத் தெரிந்து, வெள்ளை மஞ்சளித்து, காகிதம் மெலிதாக அட்டையில் ஒட்டியிருந்தால் முட்டை வெண்கருப் பூச்சுள்ள ஆல்புமின் அச்சு. 1850-களிலிருந்து 1890-களின் நடுப்பகுதி வரை பரவலாக இருந்தது. நார் தெரியாமல் வழவழப்பாக இருந்து, கறுப்புப் பகுதியைச் சாய்த்துப் பார்க்கும்போது வெள்ளி போல மினுங்கினால் ஜெலட்டின் வெள்ளி அச்சு. ஒழுங்கான புள்ளி வரிசை என்றால் அச்சகத்தில் போட்டது. வண்ணமாக இருந்து, புள்ளி ஒழுங்கில்லாமல் மணல் தூவியது போல இருந்தால் ஃபோட்டோகுரோம். கறுப்பு வெள்ளை நெகட்டிவிலிருந்து பல கற்களில், ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு கல்லாக, அச்சிட்டவை. அந்த நிறங்கள் அச்சகத்தில் தேர்ந்தவை, கடலில் பார்த்தவை அல்ல.

மூலையில் "ஜி.டபிள்யூ.டபிள்யூ." என்றும் எண்ணும் இருந்தால் அபர்டீனின் ஜார்ஜ் வாஷிங்டன் வில்சன் நிறுவனம். "ஜே.வி." என்றால் டண்டீயின் வாலண்டைன். "பி.இசட்." என்றால் சூரிச்சின் ஃபோட்டோகுளோப். வில்சனின் தகடுகள் அபர்டீன் பல்கலைக்கழகத்திலும் வாலண்டைன் படங்கள் செயின்ட் ஆண்ட்ரூஸ் பல்கலைக்கழகத்திலும் உள்ளன. அந்த எண்ணை வைத்து அங்கே தேடலாம்.

சென்னையிலிருந்து இன்னொருவர்: போலியைப் பிடிக்க வழி?

365 நானோமீட்டர் புற ஊதா டார்ச் வாங்குங்கள். இருட்டறையில் காகிதத்தின் மேல் அடியுங்கள். பளீரென்று நீலவெள்ளையாக ஒளிர்ந்தால் அதில் வெண்மையூட்டி இருக்கிறது. 1950-ஐ ஒட்டித்தான் அது காகிதத்தில் வந்தது. ஒளிராததெல்லாம் பழையது என்று மட்டும் எடுத்துக்கொள்ளாதீர்கள்.

திருச்சியிலிருந்து: அரைத்தகடு கண்ணாடி நெகட்டிவ் நான்கு கிடைத்திருக்கின்றன. ஸ்கேன் எப்படி?

அரைத்தகடு 4¾ × 6½ அங்குலம். 1200 பிபிஐ-யில் (அங்குலத்துக்கு 1200 பிக்சல்) 5700 × 7800 பிக்சல் வரும்; 16 பிட் கிரேஸ்கேல் டிஃப் ஆகச் சேமித்தால் ஒன்று சுமார் 89 எம்பி. 300 பிபிஐ அச்சில் 19 × 26 அங்குலம் வரை போகலாம்.

முதலில் எந்தப் பக்கம் பூச்சு என்று பாருங்கள்: மங்கலான பக்கம் பூச்சு, பளபளக்கும் பக்கம் கண்ணாடி. பூச்சின் மேல் துணி படவே கூடாது, ரப்பர் பல்பால் காற்று ஊதினால் போதும். கண்ணாடிப் பக்கத்தை மட்டும், காய்ச்சி வடித்த நீரில் லேசாக நனைத்த பஞ்சால், ஓரத்திலிருந்து 5 மில்லிமீட்டர் விட்டுத் துடைக்கலாம். ஓரத்தில் பூச்சு உரிந்திருந்தால் அதையும் செய்யாதீர்கள். சாராயம் கலந்த திரவம் வேண்டாம்: பழைய கொலோடியன் தகடாக இருந்தால் வார்னிஷ் கரைந்து படமே போய்விடும்.

தூசி நீக்கும் தானியங்கி வசதியை அணைத்துவிடுங்கள். அகச்சிவப்பு வகை, வெள்ளித் துகளையே அழுக்கென்று நினைக்கும். மென்பொருள் வகை இன்னும் மோசம்: பாய்மர உச்சியிலிருந்து இறங்கும் மெல்லிய கம்பிகளைக் கீறல் என்று அழித்துவிடும். கம்பி இல்லாத பாய்மரம் நிற்காது. படத்தைக் "கூர்மையாக்கும்" செயலிகள் இல்லாத தையல்களைப் பாயில் வரைந்து வைக்கும். 200 சதவீதத்தில் பெரிதாக்கி, கீறல்களை ஒவ்வொன்றாகக் கையால் நீக்குங்கள். ஒரு தகட்டுக்கு இரண்டு மணி நேரம் ஆகலாம். அந்தப் படகுக்கு அது தகும்.

காகிதப் படம் என்றால் வண்ணத்தில் 600 பிபிஐ. மஞ்சளித்து வெளிறிய படத்துக்கு நீலச் சேனலை எடுங்கள், மங்கிய விவரம் அதில்தான் ஆழமாக இருக்கும். பழுப்புப் புள்ளி அதிகமிருந்தால் சிவப்புச் சேனல், புள்ளிகள் பெரும்பாலும் மறையும். இரண்டும் இருந்தால் சிவப்பில் தொடங்கி, தேவையான இடத்தில் மட்டும் நீலத்தைக் கலக்க வேண்டும்.

அதே வாசகர்: பிறகு எங்கே வைப்பது? பீரோவில் அந்துருண்டை போட்டு வைத்திருக்கிறேன்.

அந்துருண்டையை இன்றே எடுங்கள். அதன் ஆவி படத்துக்கும் உறைக்கும் ஆகாது. ஒவ்வொரு தகட்டையும் அமிலமற்ற காகிதத்தில் நான்கு மடிப்பு உறை செய்து, நீளப் பக்கம் கீழே வரும்படி நிமிர்த்தி வையுங்கள். படுக்கவைத்து அடுக்கினால் அடித்தகடு உடையும். பிவிசி உறை ஒட்டிக்கொள்ளும். ஈரப்பதம் 30 முதல் 40 சதவீதம் நல்லது. 60-ஐத் தாண்டினால் ஜெலட்டினில் பூஞ்சை வரும், நம் கடலோர ஊர்களில் பாதி வருஷம் அதுதான் நிலை. மூடி இறுகிய பெட்டி, சிலிக்கா ஜெல், ஒரு சின்ன ஈரப்பதமானி. ஜெல் நிறம் மாறியதும் மாற்றுங்கள். உறையில் எழுதுவது பென்சிலில், தகட்டை உள்ளே வைப்பதற்கு முன்.

திருநெல்வேலியிலிருந்து: படகின் முன்முனையில் பூரான் மாதிரி ஒரு சின்ன உருவம். அழுக்கா?

அழிக்காதீர்கள்! உடலின் நீளத்துக்கு ஓடும் மெல்லிய கோட்டின் முன்நுனியில் இருந்தால் அது செதுக்கிப் பொன்பூசிய டிராகன். கிளைடு கரையின் ஃபேர்லி கிராமத்தில் படகு கட்டிய வில்லியம் ஃபைஃப் குடும்பத்தின் முத்திரை. அந்த மூலையை மட்டும் 2400 பிபிஐ-யில் மறுபடி ஸ்கேன் செய்து அனுப்புங்கள். வாய் திறந்திருப்பது தெரிந்தால் வடிவமைப்பாளர் பெயரை அட்டையில் எழுதிவிடலாம்.