மேரிகோல்டு மருந்துப் பூவா? செண்டுமல்லியில் டீ போட்டுக் குடிக்கலாமா?

"மேரிகோல்டு பூவை அந்தக் காலத்தில் காயத்துக்கும் வயிற்றுக்கும் மருந்தாகப் பயன்படுத்தினார்கள் என்று படித்தேன். அப்படியானால் தொட்டியில் பூக்கும் செண்டுமல்லியைக் காயவைத்து டீ போட்டுக் குடிக்கலாமா?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

படித்தது பொய்யில்லை. ஆனால் நீங்கள் படித்த பூ வேறு, தொட்டியில் இருக்கும் பூ வேறாக இருக்கத்தான் வாய்ப்பு அதிகம். ஆங்கிலத்தில் மேரிகோல்டு என்று இரண்டு செடிகளைச் சொல்கிறார்கள். ஒன்று காலெண்டுலா, மத்தியதரைக் கடல் பக்கத்துச் செடி. இன்னொன்று டாகேடஸ். நாம் செண்டுமல்லி, துலுக்கச் சாமந்தி என்று சொல்வது இதைத்தான். இதன் பூர்வீகம் அமெரிக்கக் கண்டங்கள். இரண்டும் சூரியகாந்திக் குடும்பம்தான், அதற்கு மேல் நெருங்கிய உறவு கிடையாது. இணையத்தில் 'மேரிகோல்டின் மருத்துவ குணங்கள்' என்று வரும் பட்டியல்களில் பெரும்பாலானவை காலெண்டுலாவின் குணங்களைச் சொல்லிவிட்டு, படம் மட்டும் செண்டுமல்லியுடையதைப் போடுகின்றன. வம்பு அங்கேதான் ஆரம்பிக்கிறது.

முதலில் காலெண்டுலா. ஐரோப்பாவில் இதை மருந்து என்றும் சமையல் பொருள் என்றும் பிரித்துப் பார்க்கவே இல்லை. இங்கிலாந்தின் மூலிகை அறிஞர் ஜான் ஜெரார்டு 1597இல் வெளியிட்ட மூலிகை நூலில், நெதர்லாந்து, ஜெர்மனி பக்கம் குளிர்காலத்துக்காக இதன் இதழ்களைக் காயவைத்துச் சேமிப்பதையும், மளிகைக்காரர்கள் பீப்பாய் பீப்பாயாக வைத்துச் சில்லறையில் விற்பதையும் எழுதியிருக்கிறார். சூப்பில் போடுவார்கள், வெண்ணெய்க்கும் பாலாடைக்கட்டிக்கும் நிறம் ஏற்றுவார்கள், குங்குமப்பூ வாங்க வசதி இல்லாதவர்கள் அதற்குப் பதிலாக இதைச் சேர்ப்பார்கள். 17ஆம் நூற்றாண்டில் ஆங்கிலேய மூலிகை வைத்தியர் நிக்கோலஸ் கல்பெப்பர் இதை இதயத்துக்கு வலுவூட்டுவது என்கிறார். அம்மைக்கும் கொடுக்கலாம், குங்குமப்பூவைவிடக் கொஞ்சம்தான் குறைச்சல் என்கிறார். அம்மைக்குக் குங்குமப்பூவே எவ்வளவு உதவியிருக்கும் என்று கேட்காதீர்கள்.

காலத்தைத் தாண்டி நின்றது தோல் சம்பந்தப்பட்ட பயன்தான். பூவில் இருக்கும் ஃபாரடையால் வகைச் சேர்மங்கள் அழற்சியைக் குறைக்கின்றன. 2004இல் பிரான்சில் மார்பகப் புற்றுநோய்க்குக் கதிர்வீச்சு எடுத்த 254 பெண்களிடம் ஒரு ஆய்வு நடந்தது. கதிர்வீச்சால் வரும் தோல் புண் ஓரளவுக்கு மேல் முற்றியது, வழக்கமான டிரோலமைன் களிம்பு பூசியவர்களில் 63 சதவீதம் பேருக்கு. காலெண்டுலா களிம்பு பூசியவர்களில் 41 சதவீதம் பேருக்கு. ஒரு மூலிகைக்கு இது நல்ல மதிப்பெண். ஐரோப்பிய மருந்துகள் முகமையும் சின்னக் காயம், லேசான தோல் அழற்சி, வாய் கொப்பளிப்பது ஆகியவற்றுக்கு இதை ஏற்றுக்கொள்கிறது. ஆனால் நீண்ட காலப் புழக்கத்தின் அடிப்படையில்தான், நிரூபணமான மருந்து என்ற தகுதியில் அல்ல.

நானும் காலெண்டுலா எண்ணெய் செய்து வைப்பேன். இதழை மட்டும் பிய்க்காமல் பூவை முழுசாகப் பறிக்க வேண்டும். விரலில் பிசின் மாதிரி ஒட்டும் பாருங்கள், அதுதான் வேண்டியது. அது பெரும்பாலும் பூவின் பச்சை அடிப்பகுதியில் இருக்கிறது. நன்றாகக் காய்ந்த பிறகு கண்ணாடி ஜாடியில் போட்டு, மூழ்கும் அளவு ஆலிவ் எண்ணெய் ஊற்றி, சில வாரங்கள் ஊறவைத்து வடிகட்டினால் போதும். ஈரம் இருந்தால் பூஞ்சை பிடித்துவிடும். மேலே சொன்ன சேர்மங்கள் எண்ணெயில்தான் நன்றாக இறங்கும், தண்ணீரில் அவ்வளவாக இறங்காது. அதனால் தோலுக்கு என்றால் டீயைவிட எண்ணெயே மேல்.

இனி செண்டுமல்லி. இதன் கதை மெக்சிகோவில் தொடங்குகிறது. அங்கே இறந்தவர்களுக்கான நாளில் படையல் முழுக்க இந்தப் பூதான், செம்பசூச்சில் என்பார்கள். 1552இல் மார்ட்டின் டி லா குரூஸ் என்ற பூர்வகுடி வைத்தியர் சொன்ன மருந்துகளை ஹுவான் பாடியானோ லத்தீனில் எழுதிய ஓலை, மன்னிக்கவும், பழக்க தோஷம், சுவடி ஒன்று இருக்கிறது. செண்டுமல்லியின் நெருங்கிய சொந்தமான யௌட்லி அதில் வருகிறது. ஆற்றைப் பத்திரமாகக் கடக்க நினைப்பவர் அதை நசுக்கிய நீரை மார்பில் பூசிக்கொள்ள வேண்டுமாம்! சோம்பு வாசம் அடிக்கும் அந்தச் செடியில் மெக்சிகோவில் இன்றும் வயிற்றுக்கு டீ போடுகிறார்கள். ஆனால் அது தனி இனம், தொட்டியில் நாம் வளர்ப்பது இல்லை.

ஸ்பானியர்கள் 16ஆம் நூற்றாண்டில் விதையை ஐரோப்பாவுக்குக் கொண்டுபோனார்கள். பிறகு உலகம் முழுக்கப் பரவிவிட்டது. மெக்சிகோ செடிக்கு ஆப்பிரிக்க மேரிகோல்டு, பிரெஞ்சு மேரிகோல்டு என்று பெயர் வந்தது அந்தக் குழப்பத்தில்தான். இந்திய நாட்டு வைத்தியத்தில் இதன் இலையை அரைத்துக் கட்டிக்குப் போடுவது, இலைச்சாற்றைக் காதுவலிக்கு விடுவது எல்லாம் உண்டு. கட்டிக்குப் போடுவது சரி, காதில் மட்டும் எதையும் ஊற்றாதீர்கள்.

செண்டுமல்லியின் உண்மையான பலம் வேறு இடத்தில் இருக்கிறது. வேரில் ஆல்ஃபா டெர்தியெனைல் என்ற பொருள் இருக்கிறது, மண்ணில் உள்ள நூற்புழுக்களைக் கொல்லும். இதழில் லூட்டீன் என்ற மஞ்சள் நிறமி நிறைய. கண்ணுக்கென்று விற்கும் லூட்டீன் மாத்திரைகளில் பெரும்பாலும் இருப்பது இந்தப் பூவிலிருந்து எடுத்ததுதான். முட்டையின் மஞ்சள் கரு நன்றாக நிறம் பிடிக்கக் கோழித் தீவனத்திலும் சேர்க்கிறார்கள்.

சரி, டீ போடலாமா? செண்டுமல்லியில் வேண்டாம். அலங்காரத்துக்கு வளர்க்கும் செடிகளில் பூச்சிமருந்து அடித்திருப்பார்கள், மருந்து என்று குடிக்க ஆதாரமும் இல்லை. செண்டுமல்லி எண்ணெய் பட்ட தோல் வெயிலில் கன்றிப்போகும் என்பதால் ஐரோப்பாவில் அழகுசாதனப் பொருட்களில் அதன் அளவுக்குக் கட்டுப்பாடு இருக்கிறது. காலெண்டுலா கிடைத்தால் தாராளமாகப் போட்டு வாய் கொப்பளிக்கலாம். இந்தக் குடும்பப் பூக்கள் ஒத்துக்கொள்ளாதவர்களும் கர்ப்பிணிகளும் உள்ளே சாப்பிடாமல் இருப்பது நல்லது.

எது எது என்று சந்தேகம் வந்தால் இலையைப் பாருங்கள். காலெண்டுலா இலை நீளமாக, பிளவில்லாமல், லேசாகப் பிசுபிசுக்கும். செண்டுமல்லி இலை சின்னச் சின்ன இலைகளாகப் பிரிந்திருக்கும், கசக்கினால் வாடை தூக்கும். விதையும் காட்டிக்கொடுக்கும்: காலெண்டுலா விதை வளைந்து சுருண்டிருக்கும், செண்டுமல்லி விதை நேராக, கறுப்பாக, ஊசி மாதிரி.