யாஷிகாவை வெளியே எடுக்கக் கூச்சமா?

அப்பாவின் பழைய ஃபிலிம் கேமரா யாஷிகா மேட் 124ஜி-யைத் தெருவில் எடுத்தாலே எல்லோரும் பார்க்கிறார்கள், கூச்சத்தில் பைக்குள் வைத்துவிடுகிறேன் என்று எழுதியிருக்கிறீர்கள். வைக்காதீர்கள். அந்தப் பார்வையில் பெரும்பாலும் இருப்பது ஆசைதான்.

இந்த கேமராவை வயிற்றுக்கு நேரே பிடித்து, தலைகுனிந்து பார்க்கிறோம். நம் முகம் மறைவதில்லை, அதனால் எதிரே இருப்பவர் மிரள்வதில்லை. மயிலாப்பூர் தெப்பக்குளம் பக்கம் நான் போனபோது பூக்கட்டும் அம்மா ஒருவர், "எங்க கல்யாணத்துல இந்த மாதிரி பெட்டியிலதான் படம் எடுத்தாங்க" என்றார். மேலே உள்ள கண்ணாடியில் பார்க்கச் சொன்னேன். தெரு இடவலம் மாறித் தெரிந்ததும் பக்கத்துக் கடைக்காரரையும் கூப்பிட்டார். அரைமணி நேரம் படமே எடுக்கவில்லை, அவர் கல்யாணக் கதையைத்தான் கேட்டேன். அவ்வளவு சந்தோஷம்.

யாராவது கேட்டால், வாரைக் கழுத்திலிருந்து கழற்றாமலே பார்க்கக் கொடுங்கள். இதில் போடும் 120 ஃபிலிம் ரோலில் 12 படம்தான். இருந்தாலும் ஒன்றை அவர்களுக்கென எடுத்து, பிரிண்ட் போட்டுக் கொண்டுபோய்க் கொடுங்கள். அப்புறம் அவர்களே உங்களைத் தேடுவார்கள்.

வெளிச்சத்தை அளக்கும் மீட்டர் வேலை செய்யவில்லை என்றீர்களே, கவலை வேண்டாம். ஷட்டருக்கு பேட்டரி தேவையில்லை. நல்ல வெயிலில் 400 ஐஎஸ்ஓ (ஒளி உணர்திறன்) ஃபிலிமுக்கு லென்ஸ் திறப்பை எஃப் 16-லும் ஷட்டர் வேகத்தை 1/500 நொடியிலும் வையுங்கள், சரியாக வரும்.